பாய்மரம், கயாக், சப்: எந்த லைஃப் ஜாக்கெட் வாங்குவது?

சென்னை அருகே கோவளத்திலோ ராமேஸ்வரம் பக்கமோ ஒரு வார இறுதியில் கயாக் ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய், சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் படகைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். துடுப்பு கார்பனா அலுமினியமா என்று சண்டை போடுவார்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கடைசி நாளில், இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை, ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சரி என்று வாங்கிவிடுவார்கள். அது பெரும்பாலும் படகின் முன்பக்கம் கயிற்றுக்கு அடியில் செருகிக் கிடக்கும். காரணம் சோம்பேறித்தனம் இல்லை, அதைப் போட்டுக்கொண்டு துடுப்புப் போடவே முடியாது என்பதுதான்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் படகு விபத்துக் கணக்கைப் பார்த்தால், மூழ்கி இறந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள் என்பது வருடா வருடம் திரும்பத் திரும்ப வருகிறது. படகில் ஜாக்கெட் இருந்திருக்கலாம், உடம்பில் இல்லை. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் மிதந்தபடி ஒரு ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கி போடுவது எவ்வளவு கஷ்டம் என்று சந்தேகம் இருந்தால் இடுப்பளவு நீச்சல்குளத்தில் முயன்று பாருங்கள். ஆகவே கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: கரையில் மாட்டினால் திரும்பக் கரைக்கு வரும்வரை கழற்றத் தோன்றாத ஜாக்கெட்தான் உங்களுக்கான ஜாக்கெட். விலை, பிராண்டு, நிறம் எல்லாம் அதற்கப்புறம்.

முதலில், எந்த வகை

நம் ஊரில் மிதக்கவைக்கும் எதையும் லைஃப் ஜாக்கெட் என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் அது இரண்டு வேறு சாமான்கள். ஒன்று பாயன்சி எய்ட்: கையில்லாத கோட் மாதிரி, முன்னும் பின்னும் நுரைப்பலகை வைத்துத் தைத்தது, கழுத்துப்பட்டி கிடையாது. நீங்கள் நினைவோடு இருக்கிறீர்கள், கைகாலை அசைக்கிறீர்கள், நீந்தவோ படகில் ஏறவோ முயல்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. மற்றது உண்மையான லைஃப் ஜாக்கெட்: நெஞ்சுப்பக்கம் நுரை அதிகம், தலைக்குப் பின்னால் தலையணை போன்ற காலர். களைத்துப்போனாலோ மயங்கினாலோ உங்களை மல்லாக்கத் திருப்பி, வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ள முயலும். முயலும் என்றுதான் சொல்கிறேன். என்ன உடை போட்டிருக்கிறீர்கள், அலை எப்படி, உடம்பு வாகு எப்படி என்பதைப் பொறுத்துத் திருப்பாமலும் போகலாம்.

எது வேண்டும் என்று முடிவு செய்யக் கடைக்காரரைக் கேட்காதீர்கள், உங்களையே கேளுங்கள். தண்ணீரில் விழுந்தால் அப்புறம் என்ன நடக்கும்? நீங்களே படகைத் திருப்பி ஏறுவீர்களா, இல்லை யாராவது வந்து தூக்க வேண்டுமா? வருவார்கள் என்றால் எவ்வளவு நேரத்தில்? முட்டுக்காடு உப்பங்கழியில் பயிற்சியாளர் இருபது அடி தள்ளி நிற்க கயாக் ஓட்டுபவருக்கும், இரவில் பாய்மரப் படகில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடல்வழியாகப் போகிறவருக்கும் ஒரே பதில் வராது. முதலாமவருக்கு பாயன்சி எய்ட் போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. இரண்டாமவருக்கு அது போதவே போதாது.

நியூட்டன் கணக்கு

லேபிளில் 50, 100, 150, 275 என்று எண்கள் இருக்கும். அது மிதக்கவைக்கும் விசை, நியூட்டனில். பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் விசை. உடனே எல்லோரும் கேட்பது: "நான் 80 கிலோ, 50 நியூட்டன் என்றால் ஐந்து கிலோதானே, என்னை எப்படித் தூக்கும்?" தண்ணீருக்குள் உங்கள் உடம்பு 80 கிலோ எடை காட்டாது. பெரும்பாலானவர்களின் உடம்பு தானாகவே ஏறத்தாழ மிதக்கும் நிலையில்தான் இருக்கிறது, தலையை வெளியே வைத்திருக்க மட்டும் கூடுதலாக மூன்று முதல் ஐந்து கிலோ விசை தேவைப்படும். கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் எளிதாக மிதப்பார்கள், ஒல்லியாகத் தசை இறுகிய ஆள்தான் சட்டென்று அமிழ்வார். குண்டாக இருப்பவருக்கு அதிக நியூட்டன் வேண்டும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் நிலவரம் பெரும்பாலும் தலைகீழ்.

ஐ.எஸ்.ஓ 12402 என்ற சர்வதேசத் தரத்தில் இவை வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: 12402-5 என்றால் 50 நியூட்டன் பாயன்சி எய்ட், 12402-4 என்றால் 100, 12402-3 என்றால் 150, 12402-2 என்றால் 275. கடைசி இலக்கம் குறையக் குறைய ஜாக்கெட் பெரிதாகும். 50 என்பது பெரியவர்களுக்கான அளவு, எடை குறைந்தவர்களுக்கான சிறிய சைஸில் அதைவிடக் குறைவான எண் இருந்தால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சாமான் என்றால் பழைய முறைப்படி டைப் 1, 2, 3 என்று இருக்கும். அதில் டைப் 3 என்பது நம் பாயன்சி எய்டுக்கு உறவுக்காரன், சுமார் 70 நியூட்டன்.

அதிகம் என்றால் நல்லதா?

இல்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டிங்கி எனப்படும் சிறிய பாய்மரப் படகு கவிழ்வதற்கென்றே பிறந்தது. கவிழும்போது நீங்கள் பாய்க்கு அடியிலோ படகின் வயிற்றுக்கு அடியிலோ மாட்டிக்கொள்ளலாம். பாயன்சி எய்ட் போட்டிருந்தால் உடம்பைக் கொஞ்சம் அமிழ்த்தி, கையால் பாயைத் தள்ளியபடி ஓரத்துக்கு வந்து தலையை வெளியே எடுத்துவிடலாம். அதே இடத்தில், நுரைக்குப் பதிலாகத் தண்ணீர் பட்டதும் வாயு நிரம்பும் 150 நியூட்டன் ஜாக்கெட் தானாக ஊதிக்கொண்டால் உங்களை மேல்நோக்கிப் பாயோடு சேர்த்து அழுத்திவிடும், அமிழவே முடியாது. தவிர, பெரிய நெஞ்சுப்பகுதியோடு குப்புற நீந்த முடியாது. படகின் விளிம்பில் வயிற்றைத் தேய்த்து ஏற வேண்டுமே, அதற்கு அந்தத் தடித்த நுரைதான் முதல் எதிரி. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் பாய்மரப் படகு ஓட்டிய சென்னைப் பெண் நேத்ரா குமணனின் போட்டிப் படங்களைப் பாருங்கள். உடம்போடு ஒட்டிய மெல்லிய ஜாக்கெட்தான் இருக்கும். பூம், அதாவது பாயின் அடியில் கிடைமட்டமாக இருக்கும் கம்பம், தலைக்கு மேல் சுழலும்போது குனிந்து மறுபக்கம் தாவ வேண்டும், அதில் ஒரு கொக்கி எங்கேயாவது மாட்டினாலும் ஆள் காலி.

கயாக்கிலும் இதே கதை. தோள் முழுதாகச் சுழல வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும்.

எந்த விளையாட்டுக்கு எது

டிங்கி: 50 நியூட்டன் பாயன்சி எய்ட், இறுக்கமானது, வெளியே தொங்கும் பட்டை குறைவாக இருப்பது. பக்கவாட்டில் ஜிப் உள்ளதோ தலைவழியாக மாட்டுவதோ நல்லது, முன்பக்கத்தில் கயிறு கொக்கி சிக்க எதுவும் இருக்காது. 1911-ல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் மாதிரி எங்காவது வகுப்பில் சேர்வதாக இருந்தால், பெரும்பாலும் பயிற்சி நடத்துபவர்களே ஜாக்கெட் தருவார்கள். முதல் சில வகுப்புகள் முடியும்வரை சொந்தமாக வாங்க வேண்டாம். என்ன பிடிக்கவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

கயாக்: அக்குள் வெட்டு பெரிதாக, தோள்பட்டை குறுகலாக உள்ளது. இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை, இருக்கையின் முதுகுச்சாய்வு. அது உயரமாக இருந்தால் ஜாக்கெட்டின் பின்பக்க நுரை அதில் இடித்து, ஜாக்கெட் முழுவதும் மேலேறிக் காதைத் தொடும். அதற்காகவே பின்பக்க நுரையை மேலே தள்ளி, கீழ்முதுகில் வெறும் வலைத்துணி வைத்த ஜாக்கெட்டுகள் வருகின்றன. நம் வெயிலுக்கு அந்த வலை இன்னொரு வகையிலும் வரம். கயாக்குக்கு ஊதும் வகையை, அதுவும் தானாக ஊதுவதை வாங்கவே வாங்காதீர்கள். உட்கார்ந்த இடமே ஈரம், முகத்தில் அலை தெறித்தாலே வெடித்துக்கொள்ளும்.

சப், அதாவது பலகையில் நின்று துடுப்புப் போடுவது: ஜாக்கெட்டைவிட முக்கியமான ஒன்று இதில் உண்டு, உங்களையும் பலகையையும் இணைக்கும் கயிறு. பலகைதான் உங்கள் பெரிய மிதவை. ஜூன், ஜூலையில் கோவளம் கடற்கரையில் காலையில் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும், கடல் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும், புதியவர்கள் ஆசையாக இறங்குவார்கள். பலகை கைநழுவினால் அது நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் உள்ளே போய்விடும். கயிறு கணுக்காலில், பாயன்சி எய்ட் உடம்பில், இரண்டும் வேண்டும். ஓடும் ஆற்றிலும் முகத்துவாரத்திலும் மட்டும் கணுக்கால் கயிறு ஆபத்து: மரக்கிளையிலோ தூணிலோ சிக்கினால் நீரோட்டத்துக்கு எதிராகக் குனிந்து காலிலிருந்து அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் விடுபடும் வகைதான்.

வெள்ளைநீர், அதாவது பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் ஆறுகள், ரிஷிகேஷ், இலங்கையில் களனி ஆற்றின் கித்துல்கல போன்ற இடங்கள்: நுரை கலந்த நீர் உங்களைத் தாங்காது, காற்று நிறைந்திருப்பதால் அமிழ்வீர்கள், எனவே 50-ஐ விடக் கூடுதல் மிதவையும் ஹெல்மெட்டும் வேண்டும். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டையும் அதை விடுவிக்க இழுக்கும் சிவப்பு உருண்டையும் உள்ள மீட்பு ஜாக்கெட் பார்க்க அட்டகாசமாக இருக்கும். அதற்கான பயிற்சி எடுக்காமல் வாங்காதீர்கள், அந்தப் பட்டை தெரியாதவர் கையில் தூக்குக் கயிறு.

தளம் உள்ள பெரிய பாய்மரப் படகு, கடல் பயணம்: இங்கேதான் 150 நியூட்டன், ஊதும் வகை, உடலோடு படகைப் பிணைக்கும் கொக்கி வளையத்துடன். கனமான மழை உடை, கருவிகள் சுமப்பவர்களுக்கு 275.

நீச்சல் தெரியாதவர்கள்? நம்மில் கணிசமானோர் இதில்தான் வருகிறோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் பயணியாக உட்கார்ந்து போவதென்றால் காலர் வைத்த 100 நியூட்டன் நுரை ஜாக்கெட். கயாக், டிங்கி கற்கவேண்டும் என்றால் முதலில் நீச்சல்குளத்தில் பாயன்சி எய்டோடு மல்லாந்து மிதக்கவும், குப்புற விழுந்தால் திரும்பவும் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் பயம் இருக்கும்போது எவ்வளவு நியூட்டன் போட்டாலும் முகத்தில் அலை பட்டதும் ஆள் பதறிவிடுவார். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் "எனக்கு நீச்சல் தெரியும், இதெல்லாம் எதற்கு" என்பார்கள். கிணற்றில் நீரோட்டம் கிடையாது, தலையில் பூம் அடிக்காது, நாலு கை வீசினால் படி வந்துவிடும்.

படகு இல்லத்தில் அரைமணி நேரம் சுற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரிதானே என்று நினைக்கும் இடங்கள்தான். ஜாக்கெட் கேளுங்கள், தராவிட்டால் ஏறாதீர்கள்.

சைஸ் பார்ப்பது

பெரியவர்களுக்கு நெஞ்சுச் சுற்றளவுதான் அளவு, எடை அதற்கப்புறம். இஞ்ச் டேப்பை அக்குளுக்குச் சற்றுக் கீழே, நீங்கள் படகில் போடப்போகும் சட்டையின் மேல் சுற்றி அளந்துகொள்ளுங்கள். இணையத்தில் வாங்குவதென்றாலும் அந்தந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள், ஒருவருடைய எம் இன்னொருவருக்கு எல்.

மாட்டும் முறையும் உண்டு. முதலில் எல்லாப் பட்டைகளையும் முழுதாகத் தளர்த்துங்கள். மாட்டி ஜிப்பைப் போடுங்கள். இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக இறுக்குங்கள், தோள்பட்டை கடைசி. தோளை முதலில் இறுக்கினால் ஜாக்கெட் மேலே ஏறி நின்றுவிடும், இடுப்பில் பிடிப்பு வராது. இப்போது கூட வந்தவரை உங்கள் பின்னால் நிற்கவைத்து, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து நன்றாக மேலே தூக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் தூக்க வேண்டும். தாடையையோ காதையோ தொட்டால் ஒன்று பட்டை தளர்வு, இல்லை சைஸ் பெரிது. தண்ணீர் அதைவிட பலமாகத் தூக்கும், நீங்கள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நழுவிக் கீழே போவீர்கள், ஜாக்கெட் மட்டும் பத்திரமாக மிதக்கும்.

அப்புறம் கடையிலேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்புப் போடுவதுபோல் கையைச் சுழற்றுங்கள். நாலு பேர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். அக்குளில் உரசுகிறதா, மூச்சு முழுதாக இழுக்க முடிகிறதா, குனிந்தால் கழுத்தில் இடிக்கிறதா? கடையில் லேசாக உரசுவது உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும்.

பெண்களுக்கென்று நெஞ்சுப்பகுதி நுரையை வளைத்து வெட்டிய ஜாக்கெட்டுகள் வருகின்றன. தட்டையான நுரைப்பலகை ஒத்துவராமல் இடைவெளி விட்டு நிற்கிறது என்றால் அந்த வகையைத் தேடுவது அவசியம், அழகுக்காக இல்லை, இடைவெளி இருந்தால் தண்ணீரில் மேலேறும். உடையும் முக்கியம்: துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடுங்கள், ஜாக்கெட் மேலேறாமல் கால்களுக்கு இடையே கட்டும் கவட்டுப்பட்டையைப் புடவையோடு போட முடியாது, லெகிங்ஸ், டி-ஷர்ட்டே சௌகரியம். வேட்டி, லுங்கிக்காரர்களுக்கும் இதே அறிவுரை.

குழந்தைகளுக்கு எடைதான் அளவு. அடுத்த வருடமும் போடட்டும் என்று பள்ளிச் சீருடை எடுப்பதுபோல் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் வழக்கத்தை இதில் மட்டும் விட்டுவிடுங்கள். கவட்டுப்பட்டை, தலையைத் தாங்கும் காலர், கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி, மூன்றும் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு 50 நியூட்டன் பாயன்சி எய்ட் வேண்டாம், 100 நியூட்டன் வகைதான். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள், பொம்மை டியூப் எல்லாம் நீச்சல்குளத்தில் விளையாட, படகுக்கு இல்லை.

லேபிளும் எடைக்கல்லும்

உள்பக்கம் தைத்த லேபிள் இல்லாத ஜாக்கெட்டை வாங்காதீர்கள். அதில் தர எண், நியூட்டன், நெஞ்சு அளவு, எடை வரம்பு, தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். இந்தியாவில் கப்பல் சாமான் கடைகளில் இந்தியக் கப்பல் பதிவகமான ஐ.ஆர்.எஸ் ஒப்புதல் பெற்றது என்று விற்பவை பெரும்பாலும் கப்பலைவிட்டு வெளியேறும்போது போடும் வகை. மிதவை அருமையாக இருக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துடுப்புப் போடுவது நடக்காத காரியம். டெகத்லான் போன்ற விளையாட்டுக் கடைகளில் கயாக்குக்கும் டிங்கிக்கும் தனித்தனியாக 50 நியூட்டன் ஜாக்கெட்டுகள் கிடைக்கின்றன, போட்டுப்பார்த்து வாங்கலாம் என்பது பெரிய வசதி. முதுகில் பெரிய எழுத்தில் லைஃப் ஜாக்கெட் என்று அச்சடித்து, உள்ளே ஒரு எண்ணும் இல்லாமல், தெர்மகோல் துண்டுகளை அடைத்து விற்பதும் சந்தையில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் மொறுமொறு என்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கியது சொன்னபடி மிதக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பழைய மளிகைக்கடை இரும்பு எடைக்கல், ஐந்து கிலோ, ஒன்று கிடைத்தால் போதும். இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் ஏழில் ஒரு பங்கு இழக்கும், ஆக ஐந்து கிலோ கல் கிட்டத்தட்ட 42 நியூட்டன் இழுக்கும். பெரியவர்களுக்கான 50 நியூட்டன் ஜாக்கெட்டில் அதைக் கட்டிப் பெரிய டிரம்மிலோ தொட்டியிலோ விட்டால் மிதக்க வேண்டும். நாள் முழுக்க ஊறவிட்டு மறுபடி பாருங்கள். உடற்பயிற்சி டம்பெல்லில் பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்தது உண்டு, அது தண்ணீரில் அதிகமாக எடை இழக்கும், கணக்குத் தப்பிவிடும்.

தண்ணீரில் ஒத்திகை

முதல் பயணத்துக்கு முன் நெஞ்சளவு தண்ணீரில், ஒருவர் துணையோடு இறங்குங்கள். காலைத் தூக்கிப் பின்னால் சாயுங்கள், வாய் தண்ணீருக்கு மேலே நிற்கிறதா? குப்புறப் படுத்துத் திரும்பிப் பாருங்கள். இருபது முப்பது கை நீந்துங்கள். ஜாக்கெட் மேலேறினால் வெளியே வந்து இடுப்புப் பட்டையை இறுக்கி மறுபடி இறங்குங்கள், நனைந்ததும் பட்டைகள் கொஞ்சம் தளரும். கடைசியாக, உங்கள் படகில் ஏறிப் பாருங்கள். இதில் தோற்றால் ஜாக்கெட்டை மாற்றுவதா, ஏறும் முறையை மாற்றுவதா என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் முறைதான், கையால் இழுத்து ஏறப் பார்ப்போம், காலை உதைத்து உடம்பைப் படுக்கையாகக் கொண்டுவந்தால் வேலை சுலபம்.

நிறம் பற்றி: ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு. கறுப்பும் கடல்நீலமும் படத்தில் நன்றாக இருக்கும், அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தேடுகிறவருக்குத் தெரியாது. விசில் ஒன்று தோள்பட்டையில் கட்டியிருக்கட்டும், உள்ளே உருண்டை இல்லாத வகை, நனைந்தாலும் ஊதும். ஒரு பை போதும். நாலு பை உள்ள ஜாக்கெட்டில் நாலிலும் எதையாவது திணிப்போம், நெஞ்சு கனத்து ஏற முடியாது. அந்த ஒரு பையில் தண்ணீர் புகாத உறையில் போன், கயிற்றால் கட்டி, அதில் 1554 என்ற எண் பதிந்து இருக்கட்டும். இந்தியக் கடலோரக் காவல்படையின் கடல் மீட்புக்கான கட்டணமில்லா எண் அது.

வாடகைக்கு எடுக்கும்போது

பிச்சாவரமோ கோவளமோ, நீட்டியதை அப்படியே மாட்டாதீர்கள். எல்லாக் கொக்கிகளையும் போட்டு இழுத்துப் பாருங்கள். விரல் நகத்தால் துணியைக் கிள்ளுங்கள், வெயிலில் வெளுத்துப்போன நைலான் அப்படியே கிழியும். நுரையை அழுத்தி விடுங்கள், மெதுவாகப் பழையபடி எழ வேண்டும், கல்லாகவோ பொடியாகவோ இருந்தால் வேறு கேளுங்கள். நீர் வடிந்த பிறகும் கனமாக இருப்பது நல்ல அறிகுறி இல்லை. பட்டை நுனிகளை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். கவட்டுப்பட்டை இருந்தால் போடுங்கள், பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று விடாதீர்கள்.

ஊதும் வகை வாங்குகிறீர்கள் என்றால்

லேசாக இருக்கும், வெயிலுக்கு இதம், தோளில் இருப்பதே தெரியாது. அதற்கு விலையாக நீங்கள் பராமரிக்க வேண்டும். உள்ளே கரியமில வாயு சிலிண்டர் ஒன்று இருக்கும், 150 நியூட்டனுக்கு வழக்கமாக 33 கிராம். கைப்பிடியை இழுத்தால் ஊதுவது ஒரு வகை. தண்ணீர் பட்டதும் ஒரு மாத்திரை கரைந்து தானாக ஊதுவது இன்னொரு வகை. அந்த மாத்திரை நம் கடற்கரை ஈரத்திலேயே மெல்லக் கரைந்து, அலமாரியில் தொங்கும்போதே ஊதிக்கொண்டது உண்டு. நீர் அழுத்தத்தில் இயங்கும் வகை இந்தத் தொல்லை தராது, விலை கூடுதல். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சிலிண்டர் இறுக்கமாகத் திருகியிருக்கிறதா, பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை வாய்க்குழாயால் ஊதி ஒருநாள் வைத்துக் காற்று இறங்குகிறதா என்றும், சிலிண்டரைத் தராசில் வைத்து அதில் பொறித்த எடை இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். மாற்று சிலிண்டரும் மாத்திரையும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்கினால் ஒருமுறை ஊதியதோடு அது வெறும் சட்டை. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவருவதென்றால் சிலிண்டருக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். இன்னொன்று, கவட்டுப்பட்டை இல்லாத ஊதும் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும்.

லண்டன், டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே முதல் எதிரி குளிர். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் விழுந்ததும் தன்னையறியாமல் மூச்சை இழுப்போம், அந்த முதல் ஓரிரு நிமிடம் நீந்தத் தெரிந்தவரும் நீந்த முடியாது. கழற்றி வைத்த ஜாக்கெட்டை அந்த நேரத்தில் எட்டி எடுத்து மாட்டலாம் என்பது வெறும் கற்பனை.

வைத்துக்கொள்வது, தூக்கிப் போடுவது

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயிலும் கார் டிக்கியும் நுரையைச் சீக்கிரம் கொல்லும். வாஷிங் மெஷின், இஸ்திரி இரண்டும் கூடாது. மேலே உட்காராதீர்கள், படகில் மெத்தை இல்லாதபோது எல்லோரும் செய்வது இதுதான், நசுங்கிய நுரை பழைய மிதவையைத் தராது. ஒவ்வொரு வருடமும் அந்த எடைக்கல் சோதனையைச் செய்துபாருங்கள். தேறவில்லை என்றால் தையல் போட்டுச் சமாளிக்க வேண்டாம். குப்பையில் போடும்போது பட்டைகளை அறுத்து, துணியைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து, கழுவி, படகில் வருகிறவர்களுக்கு மாட்டிவிடுவார்கள்.